இல்லாத பந்தைக் குறிபார்த்தல்

குறிபார்த்து அடித்தல் என்னும் வித்தை மனித குலத்துக்கு மிகப் பழையது. யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து உயிர்களை ஒரே அம்பினால் வீழ்த்திய வல்வில் ஓரியின் வேட்டையை வன்பரணர் வியந்து பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. மரக்கிளையில் இருந்த பறவையைக் காட்டி, என்ன தெரிகிறது என்று துரோணர் வினவ, பறவையின் தலையன்றி வேறொன்றும் தெரியவில்லை என்று அருச்சுனன் விடை கூறிய கதையைப் பாரதம் படித்தோர் அறிவர். இவ்விரு கதைகளுக்கும் ஒரு பொதுமை உண்டு. வில்லாளியின் கண்ணும், அம்பின் முனையும், இலக்கும் ஒரே கோட்டில் அமைகின்றன. எதனை அடிக்க விரும்புகிறானோ அதனையே அவன் பார்க்கிறான்.

பில்லியட்ஸ் மேசையின் முன் நிற்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் கையிலுள்ள கோல் வெள்ளைப் பந்தைத் தாக்கும். வெள்ளைப் பந்து ஓடிச் சென்று வேறொரு பந்தை மோதும். மோதப்பட்ட பந்து மேசையின் மூலையிலுள்ள பையை நாடிச் செல்லும். பை இருக்கும் திசை ஒன்று; கோல் நீளும் திசை மற்றொன்று. நம் ஊர்ச் சிறுவர் போளை அடிக்கும்போதும், பெரியோர் கரம் பலகையின் முன் அமரும்போதும் இதே இடர்ப்பாட்டை ஓரளவு உணர்ந்திருப்பர். பச்சைத் துணி விரித்த நீண்ட மேசையிலோ சிறு தவறும் பெருந்தவறாக வளர்ந்துவிடுகிறது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்கு ஆட்டக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பல வழிகளை வகுத்து வந்துள்ளனர். அவற்றுட் சில கணிதத்தால் நிறுவத்தக்கவை. சில நிறுவ முடியாதவை. வியப்பு யாதெனில், நிறுவ முடியாத முறையைப் பின்பற்றுவோரும் பந்தைப் பையில் வீழ்த்துகின்றனர் என்பதே. உண்மையென நிறுவ முடியாத ஒரு விதி உண்மையான பயனை எவ்வாறு தருகிறது? அத்தகைய விதியை மாணவனுக்குக் கற்பிக்கலாமா? ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு, இவ்வினாக்கள் பில்லியட்ஸ் மேசையோடு நின்றுவிடுவனவாகத் தோன்றவில்லை. ஆகவே அவற்றைச் சற்று விரிவாக ஆராய முற்படுகின்றேன்.

மேசை வந்த வழி

இவ்வாட்டம் மேல்நாட்டிற் பிறந்ததாயினும் நமக்கு முற்றிலும் புறம்பானதன்று. பில்லியட்ஸின் தம்பி எனத்தக்க ஸ்னூக்கர் இந்திய மண்ணிலேயே உருப்பெற்றது. 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் தங்கியிருந்த நெவில் சேம்பர்லேன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி அதனைத் தொடக்கிவைத்தார். பின்னாளிற் பிரித்தானியப் பிரதமராக விளங்கிய அதே பெயரினர் வேறொருவர். 1880களில் நீலகிரியிலுள்ள உதகமண்டலக் கழகத்தில் அவ்வாட்டத்தின் விதிகள் ஒழுங்குபெற்றன. நம் நாட்டவரான எம். ஜே. எம். லாபீர் 1973இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் வாகை சூடினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும், பந்தைச் சுழற்றி அடிக்கும் நுட்பத்துக்கும் அதுபற்றிய கணிதத்துக்கும் பிரான்ஸ் நாட்டையே முதலிற் சொல்லவேண்டும். கோலின் நுனியில் ஒரு சிறு தோல்வட்டத்தை ஒட்டி ஆடும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரப்பியவர் மிங்கோ என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர். அவர் சிறையில் இருந்த காலத்தில் இதனைக் கண்டார் என்பது மரபாக வழங்கும் கதை. வெறும் மரநுனி பந்தின் நடுவை விட்டு விலகித் தொட்டால் வழுக்கிவிடும். தோலோ பந்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே, பந்தின் வலப்புறத்திலோ இடப்புறத்திலோ அடித்து அதனைப் பம்பரம்போற் சுழலச் செய்வது இயல்வதாயிற்று. 1835இல் கொரியோலிஸ் என்ற கணித அறிஞர் பில்லியட்ஸ் பந்துகளின் இயக்கத்தைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். பூமியின் சுழற்சியாற் காற்றும் கடல்நீரோட்டமும் திசை திரும்புவதை விளக்கும் விளைவுக்குப் பெயர் தந்த கொரியோலிஸ் இவரே.

இக்கட்டுரையில் நான் தரும் அளவுகள் அமெரிக்காவில் வழங்கும் பூல் என்னும் ஆட்டத்துக்கு உரியவை. குறிபார்க்கும் முறைகளைப் பற்றிய வாதங்கள் மிகுதியாக எழுந்தது அவ்வாட்டத்திலேயாகும். அதன் பெரிய மேசையில் ஆடுபரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கொண்டது. பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம்.

இல்லாத பந்து

புதிதாகக் கோல் பிடிப்பவன் செய்யும் முதல் வேலை, இலக்குப் பந்தின்மேல் எந்தப் புள்ளியைத் தொட்டால் அது பைக்குச் செல்லும் என்று பார்த்து, அந்தப் புள்ளியை நோக்கியே வெள்ளைப் பந்தை அனுப்புவதாகும். பந்து தவறிவிடும். வெள்ளைப் பந்தும் உருண்டையானது. அதன் நடு அந்தப் புள்ளியை அடையுமுன்பே அதன் விலாப்புறம் வேறோரிடத்தில் இலக்குப் பந்தை முட்டிவிடுகிறது.

இதற்கு ஆசான்மார் கண்ட மருந்து எளியது. பையிலிருந்து இலக்குப் பந்தின் நடுவூடாக ஒரு கோடு வரைந்து, அதனைப் பந்துக்குப் பின்புறமாக நீட்டுக. பந்தின் நடுவிலிருந்து அக்கோட்டின்வழியே இரண்டேகால் அங்குலம், அஃதாவது ஒரு பந்தின் விட்டமளவு, பின்னே சென்று நிற்க. மோதும் கணத்தில் வெள்ளைப் பந்தின் நடு அங்கேதான் இருத்தல் வேண்டும். அவ்விடத்தில் ஒரு பந்து இருப்பதாகக் கற்பனை செய்து, அதன் நடுவை நோக்கி அடிக்கவேண்டும். ஆங்கிலத்தில் இதனைப் பேய்ப் பந்து என்பர். இல்லாத பந்து என்று நான் சொல்ல விரும்புகிறேன். இம்முறையின் வடிவகணிதம் ஐயத்துக்கு இடமற்றது. குறை ஒன்றுதான்: வெறும் துணியின்மீது ஒரு பந்தைக் கண்ணாற் காண்பது எல்லோர்க்கும் கைகூடுவதில்லை.

ஆகவே, கண்ணுக்குத் தெரியும் பொருளைக் கொண்டு குறிபார்க்கும் வேறொரு முறையும் எழுந்தது. வெள்ளைப் பந்து இலக்குப் பந்தை முழுமையாக மறைத்து மோதுமா, முக்காற் பங்கு மறைத்து மோதுமா, அரைப் பங்கா, காற் பங்கா என்று கணக்கிடுவது இம்முறை. வெள்ளைப் பந்தின் நடு இலக்குப் பந்தின் விளிம்பை நோக்கிச் செல்லுமானால் அஃது அரைப் பந்து அடி. அப்போது இலக்குப் பந்து 30 பாகை விலகிச் செல்லும். திரிகோணகணிதம் கற்கும் மாணவர் இதனை உடனே சரிபார்க்கலாம். 30 பாகையின் சைன் பெறுமானம் அரை. முக்காற் பந்து அடிக்குக் கோணம் ஏறத்தாழ 14.5 பாகை, காற் பந்து அடிக்கு ஏறத்தாழ 48.6 பாகை.

இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். பையின் வாய் நாலரை அங்குலம் என்றும், இலக்குப் பந்து அதிலிருந்து 4 அடி தூரத்தில் இருப்பதாகவும் கொள்வோம். பந்தின் நடு இருபுறமும் ஓர் அங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட அளவுதான் விலகலாம். கோணமாகச் சொன்னால் 1.3 பாகை. இந்த எல்லைக்குள் பந்து செல்லவேண்டுமானால், 30 பாகை அடியில் வெள்ளைப் பந்தின் பாதை ஏறத்தாழ 1 மில்லிமீற்றருக்கு மேல் விலகுதல் ஆகாது. வெள்ளைப் பந்தும் 4 அடி தொலைவில் இருந்தால், கோல் நீட்டப்படும் திசையிற் பொறுக்கத்தக்க பிழை ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கேயாகும்.

இக்கணக்கை முடித்தபோது பங்கு முறையின் வறுமை எனக்கு விளங்கியது. அரைப் பந்துக்கும் காற் பந்துக்கும் இடையே 18 பாகைக்கு மேற்பட்ட வெளி கிடக்கிறது. பையோ இருபுறமும் ஒன்றேகாற் பாகையளவே பொறுக்கும். அந்த வெளியை நிரப்புவது எது? விதி நிரப்பவில்லை; ஆட்டக்காரனின் கண்ணும் கையுமே நிரப்புகின்றன.

கணிதத்தாற் குறையற்ற இல்லாத பந்து முறைக்கும் இதே கதிதான். இரு பந்துகள் உரசும்போது உராய்வு காரணமாக இலக்குப் பந்து வடிவகணிதம் சொல்லும் திசையினின்றும் சற்று இழுக்கப்படுகிறது. மெதுவான அடியில் இவ்விழுப்பு ஓரிரு பாகையோ அதற்கு மேலுமோ ஆகலாம். பை பொறுக்கும் எல்லையை இதுவே தாண்டிவிடும். கணிதக் கோட்டைப் பிழையின்றிப் பின்பற்றியவனும் பந்தைத் தவறவிடுவான்; தேர்ந்த ஆட்டக்காரனோ தன்னையறியாமலே சற்று ஒதுக்கி அடித்து அதனை வீழ்த்துவான். வில்லி மொஸ்கோனி 1954இல் ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், 8 அடி மேசை ஒன்றில், ஒருமுறையேனும் தவறாமல் அடுத்தடுத்து 526 பந்துகளை வீழ்த்தினார். 526 தடவை அந்த மில்லிமீற்றரைக் காத்த கைக்கு எந்த வாய்பாடு போதும்?

முதலாவது திருப்பம்

நிற்க. இவ்வாட்டத்தில் ‘பிவற்’ என்ற சொல் இரு வேறு முறைகளுக்கு வழங்குகிறது. கதவு தன் குடுமியில் நின்று திரும்புவதுபோல, கோல் ஒரு நிலையான புள்ளியைப் பற்றித் திரும்புவதே பிவற். தமிழில் திருப்பம் என்போம். சொல் ஒன்றாயினும், அவ்விரு திருப்பங்களின் தகுதி ஒன்றன்று. முதலாவதைக் காண்போம்.

வெள்ளைப் பந்தின் வலப்புறத்தில் அடித்தால் அது சுழலும் என்றேன். அமெரிக்கர் இப்பக்கச் சுழற்சியை ‘இங்கிலீஷ்’ என்றே அழைப்பர். ஆங்கிலேயர் ‘சைட்’ என்பர். இச்சுழற்சியோடு வேண்டாத விருந்தாளி ஒன்றும் வருகிறது. வலப்புறத்தில் அடிக்கப்பட்ட பந்து, கோல் காட்டும் திசையிற் செல்லாமற் சற்று இடப்புறமாக விலகிச் செல்கிறது. கோலின் நுனியும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் சுழலத் தொடங்கிய பந்து கோலின் நுனியைப் பக்கவாட்டில் வலப்புறமாகத் தள்ளுகிறது. அதற்கு எதிர்த்தாக்கமாகப் பந்து இடப்புறம் ஒதுங்குகிறது. நுனிப் பகுதி எவ்வளவு பாரமானதோ அவ்வளவுக்கு விலகலும் மிகும். 1990கள் முதல் நுனியை இலேசாக்கிய கோல்கள் விற்பனைக்கு வந்தது இக்காரணம்பற்றியே. ரொன் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2001இல் இவ்விலகலைப் பற்றி விரிவான ஆய்வுரை ஒன்றை எழுதியுள்ளார்.

விலகல் 2 பாகை என்றே கொள்வோம். 4 அடி தூரத்தில் அது ஒன்றே முக்கால் அங்குலத்தை எட்டிவிடும். குறி முற்றாகக் கெட்டுப்போகும்.

இங்கேதான் திருப்பம் உதவுகிறது. முதலிற் சுழற்சியைப் பற்றி நினையாமற் பந்தின் நடுவை நோக்கிக் கோலை நீட்டுக. பின்னர், மேசைமீது ஊன்றிக் கோலைத் தாங்கும் கையை அசைக்காமல், கோலின் அடிப்பகுதியைப் பிடித்த பின்கையை மட்டும் இடப்புறம் நகர்த்துக. நுனி பந்தின் வலப்புறத்துக்கு வரும். இப்போது கோல் வலப்புறமாகச் சாய்ந்து நோக்குகிறது. விலகலோ பந்தை இடப்புறமாகத் தள்ளும். தாங்கும் கையின் தூரம் சரியாக அமைந்தால் சாய்வும் விலகலும் ஒன்றையொன்று கழித்துவிட, பந்து முன்பு குறித்த கோட்டிலேயே செல்லும், சுழற்சியும் கிடைத்துவிடும். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறோமோ, ஏறத்தாழ அவ்வளவுக்கு விலகலும் வளர்வதால், ஒவ்வொரு கோலுக்கும் அதற்கே உரிய ஒரு திருப்பப் புள்ளி உண்டு. சிறு சுழற்சிக்கும் பெருஞ்சுழற்சிக்கும் அந்த ஒரே புள்ளி போதுமானது.

இதன் அழகு என்னைக் கவர்ந்தது. காரணம் தெரிகிறது, அளக்க முடிகிறது, ஒருவன் ஒரு மாலைப் பொழுதிற் சோதித்துத் தன் கோலின் திருப்பப் புள்ளியைக் கண்டறியலாம். அன்றியும், இவ்விதி தன் எல்லையையும் தானே சொல்லிவிடுகிறது. கோலின் பின்புறம் சற்று உயர்ந்திருப்பதால், மெதுவாக அடிக்கப்பட்ட சுழல்பந்து வழியில் வளைந்து திரும்பும். அங்கே இக்கணக்குப் பொய்த்துவிடும். பின்கையைவிட முன்கையை நகர்த்துவதே பொருந்தும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியற் பேராசிரியராக விளங்கியவரும், 2004இல் பூல் ஆட்டத்தின் தத்துவங்களைப் படங்களோடு நூலாக வெளியிட்டவருமான டேவிட் அல்சியடோர் முதலியோர், இவ்விரு திருப்பங்களையும் எந்த அளவிற் கலக்கவேண்டும் என்பதை விளக்கியுள்ளனர்.

இரண்டாவது திருப்பம்

மற்றைய திருப்பம் சுழற்சிக்காக ஏற்பட்டதன்று, குறிபார்ப்பதற்கென்றே ஏற்பட்டது. 1990களில் ஹால் ஹூல் என்ற அமெரிக்க முதியவர் இதனை ஆர்வலர்களுக்குக் கற்பித்துவந்தார். மேசையில் எண்ணற்ற கோணங்கள் இருப்பதாக நாம் மயங்குகிறோம், உண்மையில் வேண்டுவன மூன்றே என்பது அவர் கற்பித்த முறைகளுள் ஒன்றின் சாரம். அவர் வழியை ஸ்டான் ஷஃபெட் என்ற ஆசான் பின்னர்ப் படிமுறைகளாக விரித்துப் பரப்பினார்.

இம்முறையின் சுருக்கம் இது. வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து இலக்குப் பந்தின் விளிம்புக்கு ஒரு கோட்டைக் கண்ணாற் பிடிக்கவேண்டும். அதே வேளையில் வெள்ளைப் பந்தின் விளிம்பிலிருந்து, இலக்குப் பந்தை நான்காகப் பகுக்கும் மூன்று புள்ளிகளுள் ஒன்றுக்கு இன்னொரு கோட்டையும் பிடிக்கவேண்டும். இரண்டும் ஒருங்கே தெரியும் இடத்தில் நின்று, கோலின் நுனியை அதன் அகலத்திற் பாதியளவு நடுவுக்கு வெளியே வைத்து, அங்கிருந்து நடுவுக்குத் திருப்பவேண்டும். திருப்பிய பின் கோல் காட்டும் வழியே சரியான வழி. மேசையின் நீளம் அகலத்தின் இருமடங்காக இருப்பதோடு இம்முறை இயைந்துள்ளது என்பதும், ஆட்டக்காரனின் ஊகத்துக்கு இதில் இடமில்லை என்பதும் இதனைப் போற்றுவோரின் கொள்கை.

இதற்கு எதிராகக் கணிதம் அறிந்தோர் எழுப்பும் தடை ஒன்றேயாயினும் வலியது. இவ்விதியிற் கூறப்படும் விளிம்பு, நடு, புள்ளி, பாதி நுனி என்பன எல்லாம் இரு பந்துகளையும் கோலையும் பற்றியன. பை எங்கே இருக்கிறது என்பது அவற்றுள் எதிலும் இல்லை. இரு பந்துகளையும், அவற்றின் இடைவெளியும் அவற்றை இணைக்கும் கோட்டின் திசையும் மாறாதவாறு, நான்கு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தி வைப்போம். பை 4 அடி தொலைவில் இருப்பின், வேண்டிய கோணம் ஏறத்தாழ 4.8 பாகை மாறிவிடும். பை பொறுக்கும் 1.3 பாகையைப்போல் இது மூன்று மடங்குக்கு மேல். விதியின் சொற்களோ மாறவில்லை. ஒரே சொற்கள் இரு வேறு கோணங்களைத் தருதல் எங்ஙனம் கூடும்?

நண்பரின் கேள்வி

கொழும்பிலுள்ள ஒரு கழகத்தில் ஆடிவந்த என் நண்பர் ஒருவர் இம்முறையைப் பல மாதங்கள் பயின்றவர். அதற்கு முன் பத்துப் பந்துகளில் ஐந்தை வீழ்த்தத் தடுமாறியவர், பின்னர் எட்டை வீழ்த்தக்கூடியவராயினார். அவருக்கு நான் மேற்சொன்ன தடையைக் கடதாசியில் வரைந்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்கள் கணக்கு எல்லாம் சரிதான். ஆனால் என்னுடைய பந்து பையில் விழுகிறதே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. விழும் பந்தை விழவில்லை என்று எந்தக் கணிதமும் சொல்ல முடியாது. ஆகவே இருவரும் மேசைக்குச் சென்றோம். பந்துகளின் இடங்களைச் சிறு கடதாசி வளையங்களாற் குறித்துக்கொண்டோம். அவர் தம் படிகளை வாய்விட்டுச் சொல்லி அடித்தார், பந்து விழுந்தது. பின்னர் இரு பந்துகளையும் நான்கு அங்குலம் நகர்த்தி வைத்தோம். அதே விளிம்பு, அதே புள்ளி, அதே பக்கத்துத் திருப்பம் என்று அதே சொற்களைச் சொல்லி மீண்டும் அடித்தார். பந்து மீண்டும் விழுந்தது. பலமுறை செய்து பார்த்தோம். பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்தும் விழுந்தது.

இதன் பொருள் யாது? இரண்டு இடங்களிலும் கோல் ஒரே வழியைக் காட்டியிருக்குமானால், இரண்டில் ஒன்று தவறியே இருக்கவேண்டும். இரண்டும் விழுந்தன, ஆகவே கோல் இரு வேறு வழிகளைக் காட்டியது. அவ்வேற்றுமை எவ்வளவு என்று கணக்கிட்டேன். வெள்ளைப் பந்துக்குப் பத்து அங்குலம் பின்னே ஊன்றிய கை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இடம்மாறினாற் போதும். அவ்வசைவை அருகே நின்ற என் கண்ணாற் காண முடியாது. அடித்த அவராலும் உணர முடியாது. இரண்டு தடவையும் ஒன்றையே செய்தேன் என்று அவர் கூறியதில் வஞ்சனை சிறிதும் இல்லை.

நண்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் அந்த மில்லிமீற்றரைச் செய்தது யார்?" என்றார்.

"நீங்கள்தான்" என்றேன்.

"ஆனாலும் நான் இந்தப் படிகளை விடமாட்டேன், மாஸ்டர். அவற்றைச் சொல்லாமற் குனிந்தால் என் கை ஒரு நிலையில் நிற்பதில்லை."

அவர் இன்றும் அப்படியே ஆடுகிறார். அவ்விடையிலும் ஓர் உண்மை இருக்கிறது என்பதை நான் பின்னரே ஆராய்ந்து தெளிந்தேன்.

மண் துரோணர்

கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரான ஜோன் விக்கர்ஸ், விளையாட்டு வீரரின் பார்வையைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். செயல் தொடங்குவதற்குச் சற்று முன் கண் ஓரிடத்தில் அசையாது ஊன்றி நிற்கும் அந்நேரத்துக்கு ‘அமைந்த கண்’ எனப் பொருள்படும் ஒரு பெயரை அவர் சூட்டினார். 2002இல் வில்லியம்ஸ், சிங்கர், ஃபிரேலிக் என்னும் மூவர் பில்லியட்ஸ் ஆட்டக்காரரிடத்தில் இதனைச் சோதித்தனர். தேர்ந்தோரின் கண் கற்போரின் கண்ணைவிட நீண்டநேரம் ஊன்றி நின்றது. வெற்றி பெற்ற அடிகளில், தவறிய அடிகளைவிட நீண்டநேரம் நின்றது.

என் நண்பரின் படிகள் அவருக்குச் செய்த உதவி இதுவே என்று நான் கருதுகிறேன். முன்பு அவர் மேசையை அணுகும் முறை நாளுக்கு நாள் வேறுபட்டது, கண் அலைந்தது, குனிந்த பின்னும் மனம் மாறியது. இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் நிற்கிறார். விளிம்பைக் கூர்ந்து நோக்குகிறார். ஒரே விதமாகக் கோலைத் திருப்பி நடுவுக்கு வருகிறார். உடல் ஒரு நிலைக்கு வந்தபின், ஆயிரக்கணக்கான அடிகளாற் பழகிய கண், பை இருக்கும் இடத்தைத் தானே கணக்கில் எடுத்து, அந்த மில்லிமீற்றரைச் சேர்த்துவிடுகிறது. விதி சரியான வழியைக் காட்டவில்லை. வழியைக் காணத்தக்க நிலையில் அவரை நிறுத்துகிறது.

ஏகலைவன் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. காட்டில் அவன் மண்ணினால் துரோணர் உருவம் ஒன்றைச் சமைத்து, அதன் முன்னிலையில் வில் பயின்றான். அம்மண்ணுருவம் அவனுக்கு ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆயினும் அது வீண் என்று சொல்ல நம் நா எழாது. நாள்தோறும் ஒரே இடத்துக்கு வரவும், ஒரே பணிவோடு நிற்கவும், மனத்தை ஒருமுகப்படுத்தவும் அது அவனுக்குத் துணையாயிற்று. இரண்டாவது திருப்பமும் அத்தகைய ஒரு மண் துரோணரே. முதலாவது திருப்பமோ உயிருள்ள ஆசான். தன் காரணத்தையும் தன் எல்லையையும் வாய்விட்டுச் சொல்லுவது.

அப்படியாயின், பயன் தரும் மண்ணுருவத்தை உயிருள்ள ஆசான் என்றே மாணவன் நம்பியிருக்கட்டும் என விட்டுவிடலாமா? பலர் அவ்வாறே கூறுவர். நம்பிக்கை குலைந்தால் கையும் குலையும் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் நான் அதற்கு உடன்படமாட்டேன். காரணமும் ஏகலைவன் கதையிலேயே உண்டு. தன் திறமை முழுவதையும் அவ்வுருவத்துக்கு உரியதாகவே அவன் எண்ணினான். ஆகவேதான் துரோணர் வந்து கேட்டபோது மறுசொல் இன்றிக் கட்டைவிரலைக் கொடுத்தான்.

முறையே எல்லாம் செய்கிறது என்று நம்பும் ஆட்டக்காரனும் ஒரு விரலை இழக்கிறான். பந்து தவறும்போது, படியிற் பிழை செய்தேன் என்றே அவன் எண்ணுவான். உராய்வு இழுத்ததா, வேகம் குறைந்ததா, கண் அலைந்ததா என்று பந்திடம் கேட்கமாட்டான். இலேசான நுனியுள்ள புதிய கோல் கைக்கு வரும்போதும், துணி மாறிய வேற்று மேசையில் ஆடும்போதும், என்ன மாறியது என்பதை அறியும் வழி அவனுக்கு அடைபட்டிருக்கும். அதனினும் பெரிய இழப்பு, தன் கையின் உழைப்பைத் தனதென்று அறியாமற் போவது.

யாப்பிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு துணிபு உண்டு. தேமா, புளிமா என்னும் வாய்பாடுகளை நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். சீர் பிரிக்கத் தெரியாதவன் செய்யுளின் ஓசையை உணரத் தொடங்குவதற்கு அவை வேண்டும். ஆனால் அவை மரத்தின் பெயர்களே. செய்யுளின் உயிர் அவற்றுள் இல்லை என்பதையும் உடன் சொல்லுகிறோம். அதனைச் சொல்லியதால் எந்த மாணவனுக்கும் வாய்பாடு பயன்படாது போனதில்லை. என் நண்பரும் உண்மையை அறிந்த பின் ஆட்டம் இழந்துவிடவில்லை. இப்போது பந்து தவறினால், படிகளை மட்டும் திரும்ப எண்ணாமல், மேசையைச் சுற்றிவந்து பந்து சென்ற வழியைப் பார்க்கிறார்.

ஆகவே, கோல் பிடிக்கப் பழகும் இளைஞர் ஒருவர் எந்த முறையைக் கற்கலாம் என்று என்னைக் கேட்டால், மனத்துக்கு இசைந்த எதனையும் கற்கலாம் என்பேன். ஆனால் கற்பிப்பவரிடம் மூன்றை மட்டும் கேட்டறிந்துகொள்ளச் சொல்வேன்: இம்முறை ஏன் பலிக்கிறது, எங்கே பலிக்காது, பலிக்காத இடத்தில் என் கை என்ன செய்யவேண்டும்? முதல் இரண்டுக்கும் விடை தரும் ஆசான் நல்ல ஆசான். மூன்றாவதற்கு விடையை அவர் சொல்ல முடியாது. அஃது அந்த இளைஞர் மேசையின்முன் நின்று, நாள்தோறும் அடித்து, தாமே காணவேண்டியது.